கொசுவுக்கு மருந்து, பெண்ணுக்கு அறிவுரை

2017 ஜூலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சில நாட்கள் தேசியச் செய்திகளில் அடிபட்டது. அஞ்செட்டியைத் தாண்டி, ஒகேனக்கல் போகும் வழியில் காட்டோரம் இருக்கிறது நாட்றாம்பாளையம். அந்த ஊரைச் சேர்ந்த ஓர் ஆணுக்கு ஜிகா வைரஸ் தொற்று உறுதியானது. தமிழ்நாட்டில் அவர்தான் முதல் ஜிகா நோயாளி, இந்தியாவில் நான்காவது. அவர் குணமாகிவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை என்ற அறிவிப்போடு செய்தி அடங்கிப்போனது.

ஜிகா ஒரு ஆணுக்கு வந்தால் உண்மையில் பயப்பட அதிகம் இல்லை. லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஐந்தில் நான்கு பேருக்கு அந்த அறிகுறிகூட இருக்காது. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் வைரஸ் கருவுக்குப் போகலாம். குழந்தை தலை சிறுத்து, மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கலாம். கொசு கடிக்காமலேயே, தொற்று வந்த கணவனிடமிருந்து உறவின் வழியாகவும் மனைவிக்கு வரும். விந்துவில் இந்த வைரஸ் பல வாரங்கள் தங்கும்.

அதனால் ஜிகா என்ற பெயர் ஒரு ஊரில் கேட்டதும் எழவேண்டிய முதல் கேள்வி, அங்கே உள்ள பெண்களுக்கு என்ன தெரியும், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். கர்ப்பம் வேண்டாம் என்று நினைப்பவளுக்குத் தள்ளிப்போட வழி உண்டா? கர்ப்பமாக இருப்பவளுக்கு ஸ்கேன் உண்டா? தொடர முடியாது என்று அவள் முடிவெடுத்தால் போக இடம் உண்டா? பெற்று வளர்ப்பேன் என்று முடிவெடுத்தால் துணை உண்டா?

இந்த நான்கு கேள்விகளையும் நம் அரசுகள் கேட்காமல் போனதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கொசுவும் கருப்பையும் ஒரே அரசுத் துறையின் இரண்டு கோப்புகளாக இருந்த வரலாறு அது.

ரெசிஃபே நகரத்துத் தாய்மார்கள்

முதலில் உலகம் அறிந்த கதையைப் பார்ப்போம். 1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் பல பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத கிருமியாக இருந்தது. 2015இல் பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாகப் பெர்னம்புகோவில், தலை சிறுத்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் பிறக்கத் தொடங்கின. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரேசிலில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஜிகாவால் வந்த பிறவிப் பாதிப்பு உறுதிசெய்யப்பட்டது.

அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் யார்? பெரும்பாலும் ஏழைகள், இளம்பெண்கள், கறுப்பர்கள் அல்லது கலப்பினத்தவர்கள். ரெசிஃபே போன்ற நகரங்களின் ஓரத்தில், குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத, சாக்கடை ஓடும் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் ஜிகாவையும் பரப்புகிறது. வீட்டில் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடும் கொசு அது. தண்ணீர் தினமும் வராத வீட்டில்தான் தண்ணீர் பிடித்துவைக்கப்படும். ஆக, நோய் வர்க்கம் பார்த்து, நிறம் பார்த்து வந்தது.

அரசுகள் என்ன செய்தன? எல் சால்வடாரின் சுகாதாரத் துறை, 2018 வரை கர்ப்பமாக வேண்டாம் என்று பெண்களுக்கு அறிவுரை சொன்னது. கொலம்பியாவும் சில மாதங்கள் தள்ளிப்போடச் சொன்னது. எல் சால்வடாரில் 1998 முதல் கருக்கலைப்புக்கு முழுத் தடை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலும் விலக்கு இல்லை. கரு தானாகக் கலைந்த பெண்களே கொலைக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போன நாடு அது. அங்கே இரண்டு ஆண்டுகள் கர்ப்பமாகாதே என்று சொல்வதற்கு என்ன பொருள்? ஆணுக்கு ஒரு வார்த்தை இல்லை. கருத்தடைச் சாதனம் வீடு தேடி வரவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளாகும் சிறுமிகள் அந்த அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பார்கள்?

பிரேசிலின் 1940ஆம் ஆண்டு குற்றச் சட்டம் பாலியல் வன்முறை, தாயின் உயிருக்கு ஆபத்து ஆகிய இரண்டு சூழலில் மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்தது. மூளை உருவாகாத கருவுக்கு 2012இல் உச்ச நீதிமன்றம் மூன்றாவது விலக்கைச் சேர்த்தது. மானுடவியலாளர் தெபோரா தினிஸும் அவருடைய தோழிகளும் தயாரித்த மனு 2016இல் அதே நீதிமன்றத்துக்குப் போனது. ஜிகா தொற்றிய பெண்ணுக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும், பிறந்த குழந்தைகளுக்கு முழு உதவித்தொகையும் சிகிச்சையும் வேண்டும் என்று அந்த மனு சேர்த்தே கேட்டது. இதை நாம் கவனிக்கவேண்டும். ஊனமுற்ற குழந்தை பிறக்கக்கூடாது என்று அந்தப் பெண்கள் கேட்கவில்லை. பெறுவதும் பெறாததும் எங்கள் முடிவு, பெற்றால் அரசு கூட நிற்கவேண்டும் என்றார்கள். 2020 ஏப்ரலில் குழந்தைகளுக்கு வாழ்நாள் உதவித்தொகைச் சட்டம் வந்தது. அதே மாத இறுதியில் மனு தள்ளுபடியானது. கருக்கலைப்புக் கேள்விக்கு நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை. பல வீடுகளில் அதற்குள் தகப்பன் கிளம்பிப் போயிருந்தான்.

முப்பது ரூபாய்

தூர தேசத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெண்ணின் கருப்பையைப் பிரச்சினையாகப் பார்க்கும் பார்வையை நம் மாநிலம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது.

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர் ஐ.சி.எஸ். அதிகாரி ஆர்.ஏ.கோபாலசுவாமி. ஏற்கனவே மூன்று குழந்தைகள் பெற்ற பெண் மேலும் பெறுவதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் 'முன்யோசனையற்ற தாய்மை'. நாட்டின் உணவுப் பற்றாக்குறைக்கு இந்தத் தாய்மார்கள் பொறுப்பாளிகள் ஆனார்கள். நிலம் யாரிடம் இருக்கிறது, நெல் யார் வீட்டுக் குதிரில் இருக்கிறது என்ற கேள்விகள் பின்னால் போய்விட்டன. கோபாலசுவாமி பிறகு சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கும் திட்டம் இங்கேதான் வந்தது. ஆபரேஷனுக்குப் பணம் கொடுப்பதை இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்தது நம் மாநிலம். அந்தக் காலத்துக் கூலிக்காரருக்கு 30 ரூபாய் என்பது பல வாரச் சம்பளம். பசித்தவனிடம் பணத்தைக் காட்டிக் கேட்கும் சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்பது?

அதே காலத்தில் கொசுவுக்கும் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 1952இல் குடும்பக் கட்டுப்பாடு தொடங்கியது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்து, 8 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. மலேரியாவும் கர்ப்பிணியைத் தேடிக் கெடுக்கும் நோய்தான். இரத்தம் வற்றும், கரு கலையும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். டி.டி.டி. மருந்து அடித்ததில் 1965 வாக்கில் நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சமாகக் குறைந்தது. பெரிய சாதனை.

1976: இரண்டு எண்கள்

பிறகு மலேரியா திரும்பியது. கொசு டி.டி.டி.க்குப் பழகிப்போனது, மருந்துத் தட்டுப்பாடு வந்தது, கிராமங்களில் கண்காணிப்பு தளர்ந்தது. 1973இல் கர்த்தார் சிங் குழு, மலேரியா, அம்மை, குடும்பக் கட்டுப்பாடு என்று தனித்தனியாக இருந்த களப் பணியாளர்களைப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்களாக மாற்றச் சொன்னது. நல்ல யோசனைதான். ஒரு வீட்டுக்கு ஐந்து துறை ஆட்கள் போவதைவிட ஒருவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் அந்த ஒருவருக்கு எந்த வேலைக்காக மெமோ வரும், எந்த வேலைக்காகச் சம்பளம் நிற்கும் என்பதுதான் கேள்வி. அவசரநிலைக் காலத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. இலக்கு என்றால் ஆபரேஷன் இலக்கு.

1976இல் இந்தியாவில் பதிவான மலேரியா நோயாளிகள் 64 லட்சம். 1976-77இல் நடந்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கள் சுமார் 82 லட்சம். ஒரே காலம், ஒரே சுகாதாரத் துறை. மலேரியா திரும்பியதற்கு ஆபரேஷன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசின் அவசரம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

அந்த 82 லட்சத்தில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் ஏழைகளும் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். 1977 தேர்தலில் வட இந்திய ஆண்கள் வாக்குச்சீட்டில் பதில் சொன்னார்கள். அதன்பின் எந்தக் கட்சியும் ஆண் உடம்பில் கை வைக்கத் துணியவில்லை. திட்டத்தின் பெயர் 'குடும்ப நலம்' என்று மாறியது, சுமை முழுவதும் பெண்கள் பக்கம் வந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்கள் செத்த பிறகு, 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்றாண்டுகளில் நிறுத்தச் சொன்னது.

தமிழ்நாட்டு நிலவரத்தை ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.1 சதவீதம். மற்ற எல்லா முறைகளும் சேர்ந்தால் பத்துச் சொச்சம்தான். நம் திட்டம் குழந்தை பெறுவதை முடித்துவைக்கும், தள்ளிப்போடப் பெரிதாக உதவாது என்பது இதன் பொருள். இரண்டு பெற்றவளுக்கு ஆபரேஷன் இருக்கிறது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, ஊரில் ஜிகா இருக்கிறது, ஒரு வருஷம் போகட்டும் என்று நினைப்பவளுக்கு? ஆணுறை போடு என்று கணவனிடம் அவள் சொல்லவேண்டும். அதைச் சொல்லக்கூடிய வீடுகள் எத்தனை?

வேறு ஒரு மரபும் இருந்தது

இதற்கு மாற்றான சிந்தனை நம்மிடம் இல்லாமல் இல்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்தார். ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் பேறுகாலச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்கவேண்டும் என்று வாதாடினார். 1938 நவம்பரில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கருத்தடை வசதிகளை மக்களுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் வைத்தது. அன்று அவர் அவையில் இல்லாததால் பி.ஜே.ரோகம் முன்மொழிந்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் அடுத்தடுத்த பிரசவத்தில் உடம்பு தேய்ந்துபோகும் ஏழைப் பெண்ணின் நிலை அவையில் பேசப்பட்டது.

இங்கே பெரியார் இன்னும் தெளிவாகப் பேசினார். கருத்தடையை நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் ஆதரிக்கிறார்கள், நாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்பது அவர் நிலைப்பாடு. கருத்தடையை ஆதரித்தவர்களில் கோபாலசுவாமியும் ஒருவர், பெரியாரும் ஒருவர். கத்தியும் மாத்திரையும் இரண்டு பேர் கணக்கிலும் ஒன்றுதான். முடிவெடுப்பது யார் என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். நம் மாநிலம் மேடையில் பெரியாரைப் பேசி, இலக்குப் பதிவேட்டில் கோபாலசுவாமியைக் கடைப்பிடித்தது.

அறிவித்தால்தான் உரிமை

சட்டத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் உலகின் பல நாடுகளுக்கு முன்பே வந்தது. ஆனால் அது பெண்ணுக்கு உரிமை தந்த சட்டம் என்பதைவிட, மருத்துவருக்குப் பாதுகாப்புத் தந்த சட்டம் என்பதே சரி. பெண் கேட்டால் போதாது, மருத்துவர் காரணத்தை ஏற்கவேண்டும். உச்ச வரம்பு 20 வாரம். கரு ஊனம் என்று தெரிந்து 24ஆவது வாரத்தில் அனுமதி கேட்ட ஒரு பெண்ணுக்கு 2008இல் மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது.

ஜிகாவால் வரும் தலைச் சிறுப்பு பெரும்பாலும் ஆறு, ஏழாம் மாத ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். ஆக 2017இல் நாட்றாம்பாளையம் பக்கம் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று வந்திருந்தால், அது கருவைத் தாக்கியது தெரியவரும்போது சட்டத்தின் கதவு மூடியிருக்கும். அப்போது கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது, 2022இல்தான் வந்தது. காட்டோரத்துக் கூலிக்காரப் பெண் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறி, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடவேண்டும். நடக்கிற காரியமா?

2021 திருத்தம் சில பிரிவுப் பெண்களுக்கு வரம்பை 24 வாரமாக உயர்த்தியது. கருவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால் வரம்பில்லை. 24 வாரப் பிரிவுகளில் ஒன்றைக் கவனியுங்கள். பேரிடர், அவசரநிலைச் சூழலில் உள்ள கர்ப்பிணிகள். நமக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சூழலை அரசு அறிவித்திருக்க வேண்டும்.

அரசு அறிவிக்குமா? அகமதாபாத்தின் பாபுநகர் பகுதியில் மூன்று பேருக்கு ஜிகா இருப்பது 2017 ஜனவரியிலேயே புனே ஆய்வகத்தில் உறுதியானது. ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி, இன்னொருவர் அப்போதுதான் குழந்தை பெற்றவர். நாட்டுக்கு இது பரவலாகத் தெரியவந்தது, மே மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிறகுதான். பீதி பரவக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அந்தப் பகுதியில் கர்ப்பமான பெண்களுக்கு, தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் வாய்ப்பு இல்லாமல் போனது. அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் 150க்கும் மேற்பட்டோருக்கு ஜிகா வந்தது. அவர்களிலும் பலர் கர்ப்பிணிகள். மறைப்பதையே வழக்கமாக வைத்திருக்கும் அரசுகளின் அறிவிப்பில் பெண்ணின் உரிமையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது சட்டம்.

டிரம்மில் இருக்கும் தண்ணீர்

நான் வேலை செய்வது பாரூர்ப் பக்கத்துக் காலனிகளில். தென்பெண்ணைத் தண்ணீர் வந்து பாரூர் ஏரி நிரம்பும். காலனிக் குழாயில் தண்ணீர் வருவது தனிக் கணக்கு. ஃபுளோரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் போன மாவட்டம் இது. அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வரும் தண்ணீரைக் குடத்திலும் நீல டிரம்மிலும் பிடித்துவைக்கிறார்கள். பிடித்துவைக்காமல் என்ன செய்வார்கள்?

2017இல் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்து, அரசுக் கணக்கிலேயே 65 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கொசுப்புழு இருந்த வீடுகளுக்கு நோட்டீசும் அபராதமும் போனது. அதற்கு அடிப்படை 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். அதில் தாய்சேய் நலத்துக்கு ஓர் அத்தியாயமும் கொசு ஒழிப்புக்கு ஓர் அத்தியாயமும் இருக்கின்றன. கொசு அத்தியாயம் தண்ணீரைத் தேங்கவிடும் வீட்டுக்காரரைப் பொறுப்பாக்குகிறது. தினமும் தண்ணீர் விடாத நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுக்க அதில் எந்த ஏற்பாட்டையும் யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. டிரம்மைக் கழுவாத குற்றமும் பெண் மேல், கர்ப்பமான குற்றமும் பெண் மேல். டிரம்மில் அபேட் மருந்து ஊற்ற வருகிற மஸ்தூரும் பல இடங்களில் தினக்கூலிக்கு வரும் நம் பெண்தான்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்குகிறார்கள். கர்நாடகம், ஜார்க்கண்ட், ஒடிசா என்று எங்கிருந்தோ வந்தவர்கள், பலர் மணமாகாதவர்கள். மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அரசு மருத்துவமனை வாசலில் முதல் கேள்வி இன்றும் "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்பதுதான்.

அடுத்த கொசு நோய் வரும்போது நாம் கேட்கவேண்டியவை எளிமையானவை. தொற்று உறுதியான அன்றே அந்த வட்டாரப் பெண்களுக்குச் சொல்லவேண்டும், பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன்பே. ஆணுறையை ஆண்கள் கையில் கொடுத்து ஆண்களிடம் பேசவேண்டும். காப்பர்-டியும் அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராமல் இருக்கவேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தாமல். தாலுகா மருத்துவமனையிலேயே மூன்றாம் மாதத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பும், மாவட்டத்திலேயே மருத்துவ வாரியமும் வேண்டும். பெற்று வளர்க்க முடிவெடுத்த தாய்க்கு, குழந்தையின் வாழ்நாள் முழுவதற்கும் உதவித்தொகையும் சிகிச்சையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், காலனிக் குழாயில் தினமும் தண்ணீர் வேண்டும்.

நாட்றாம்பாளையத்தில் 2017இல் நோய் பெரிதாகப் பரவவில்லை. அது நம் அதிர்ஷ்டம். அன்றைய சட்டமும் அன்றைய மருத்துவமனைகளும் அந்த ஊர்ப் பெண்களைக் காப்பாற்றியிருக்காது. அடுத்த முறையும் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கச் சொன்னால், அந்த அறிவுரையை ஏற்க நம் பெண்கள் தயாராக இல்லை.